ஒரு பொறி, பல பணி: சிறு கணிப்பொறிக்கு இயக்க அமைப்பு வகுத்தல்



ஐரோலியில் நம் குடியிருப்புகளை ஒட்டிக் கிடக்கும் தானே கழியின் வழியே தெற்கு நோக்கிச் சென்றால், எதிர்க்கரையில் டிராம்பே வரும். செம்பூரில் வாழும் நம்மவர்க்கு அது அண்டை வீடு. அங்கேயுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றிப் பேசும்போது அணு உலையை நினைப்பவர் பலர். கணிப்பொறியை நினைப்பவர் மிகச் சிலர். ஆயினும் 1969-ஆம் ஆண்டில் அந்நிலையத்தில் உருவாக்கப்பட்ட டி.டி.சி.-12 என்னும் சிறு கணிப்பொறி, தன் பெயரிலேயே அவ்வூரைத் தாங்கி நின்றது. டிராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர் என்பதே அதன் விரிவு. 12 என்பது அதன் சொல் ஒன்றில் அடங்கும் பிட்டுகளின் எண்ணிக்கை. 1967-இல் ஐதராபாத்தில் தோன்றிய எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் நிறுவனம் அதனைச் செய்து விற்றது. பின்னர் 16 பிட் கொண்ட டி.டி.சி.-316 முதலியனவும் அந்நிறுவனத்திலிருந்து வெளிவந்தன.

இவற்றுக்கு முன்பே, கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன் அவர்களின் தலைமையில் ஒரு முழுக் கணிப்பொறி கட்டப்பட்டது. 1960-இல் வேலை தொடங்கிய அப்பொறிக்கு 1962-இல் பிரதமர் நேரு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். அதன் சொல் 40 பிட் நீளமுடையது. நினைவகத்தில் இருந்தவை 2048 சொற்கள். இன்று நம் சட்டைப்பையிலுள்ள தொலைபேசி எடுக்கும் ஒரு சிறு புகைப்படத்தைக்கூட அதனுள் அடக்க முடியாது.

இவ்வளவு சிறிய பொறியில் ஒரே வேளையில் பல நிரல்களை ஓடச் செய்வது எங்ஙனம்? ஒன்று கெட்டால் மற்றவை கெடாமற் காப்பது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் அக்கால அறிஞர் கண்ட விடைகளே இன்றுள்ள பெரும் இயக்க அமைப்புகளுக்கும் அடிப்படை. பெரிய பொறியில் மறைந்து கிடக்கும் உண்மை சிறிய பொறியில் வெளிப்படையாகத் தெரியும். ஆதலின் பாடத்தைச் சிறிய பொறியிலிருந்தே தொடங்குவோம்.

1. பொறி எங்கே காத்திருக்கிறது?

மாதுங்காவின் உணவு விடுதிகளில் சமையற்கட்டை எட்டிப் பார்த்திருப்பீர்கள். இட்லி வேகும் பத்து நிமிடமும் கொப்பரையையே பார்த்துக்கொண்டு நிற்கும் சமையற்காரரை எந்த முதலாளியும் வைத்துக்கொள்ளமாட்டார். இட்லி வேகும்போதே சட்னிக்குத் தாளிக்கிறார்; தோசைக்கல்லைத் துடைக்கிறார்; ஆவி வந்ததும் திரும்பி வந்து தட்டை எடுக்கிறார். கை இரண்டுதான், ஆனால் பணி நான்கு.

பழைய கணிப்பொறியோ கொப்பரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கட்டளையை நிறைவேற்ற 5 மைக்ரோ நொடி ஆகிறது என்று கொள்வோம். நொடிக்கு 1000 எழுத்துகளைப் படிக்கும் தாள்நாடாக் கருவி ஓர் எழுத்தைக் கொடுக்க 1 மில்லி நொடி எடுக்கும். அதற்குள் பொறி 200 கட்டளைகளை முடித்திருக்கலாம். நொடிக்கு 10 எழுத்துகள் அடிக்கும் டெலிடைப்பாயின் ஓர் எழுத்துக்கு 100 மில்லி நொடி; அதாவது 20,000 கட்டளைகளின் காலம். ஓர் எழுத்து அச்சாவதற்குள் இருபதாயிரம் வேலை வீணாகிறது!

ஒரு நிரல் தன் காலத்தில் ஐந்தில் நான்கு பங்கைக் கருவிகளுக்காகக் காத்திருப்பதிலேயே கழிக்கிறது என்க. அது ஒன்றே நினைவகத்தில் இருந்தால் பொறி 20 விழுக்காடு நேரமே உழைக்கும். இத்தகைய நிரல்கள் இரண்டு இருந்து, அவற்றின் காத்திருப்பு ஒன்றையொன்று சாராதிருந்தால், இரண்டும் ஒருசேரக் காத்திருக்கும் வாய்ப்பு 0.8 × 0.8 = 0.64, ஆகவே பொறி 36 விழுக்காடு உழைக்கும். மூன்றாயின் 49, நான்காயின் 59, ஐந்தாயின் 67. பல்நிரல் முறையின் முழுப் பயனும் இச்சிறு கணக்கில் அடங்கியுள்ளது. அதன் இடர்ப்பாடும் இதிலேயே உள்ளது: ஐந்து நிரல்களும் ஒருசேர நினைவகத்தில் இருத்தல் வேண்டும். இடமோ மிகக் குறைவு.

2. இடைமறிப்பும் பணிமாற்றமும்

கருவி தன் வேலையை முடித்ததும் பொறிக்கு மணி அடித்துச் சொல்ல வேண்டும். இம்மணியே இண்ட்டரப்ட் எனப்படும் இடைமறிப்பு. மணி அடித்ததும் பொறி, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அந்த இடத்திலேயே நிறுத்தி, நினைவகத்தில் குறித்த ஓரிடத்துக்குத் தாவுகிறது. அவ்விடத்திலுள்ள நிரற்பகுதியே இயக்க அமைப்பின் வாயில்.

வாயிலில் முதற் கடமை, நின்றுபோன நிரலின் நிலையைப் பத்திரப்படுத்துதல். எந்தக் கட்டளையில் நின்றது, திரட்டி முதலிய பதிவேடுகளில் என்ன எண்கள் இருந்தன என்பவற்றை அந்நிரலுக்குரிய ஏட்டில் எழுதவேண்டும். பிறகு அடுத்த நிரலின் ஏட்டைப் பார்த்து, அதன் எண்களைப் பதிவேடுகளில் நிரப்பி, அது விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்யவேண்டும். நின்ற நிரலுக்குத் தான் நின்றதே தெரியாது. உறக்கத்திலிருந்து எழுந்தவன் கடிகாரத்தைப் பார்த்தாலன்றித் தான் உறங்கிய நேரத்தை அறியாதது போன்றது அது.

இவ்வாறு தனக்கென ஓர் ஏடும் தனக்கென ஓரிடமும் உடைய ஓடும் நிரலைப் பணி என்போம். இயக்க அமைப்பின் பார்வையில் ஒரு பணி மூன்று நிலைகளுள் ஒன்றில் இருக்கும்: ஓடிக்கொண்டிருக்கும், ஓடுவதற்கு ஆயத்தமாய் வரிசையில் நிற்கும், அல்லது ஏதேனும் ஒன்றுக்காகக் காத்திருக்கும்.

ஒரு பணி எதற்கும் காத்திராமல் கணக்கிட்டுக்கொண்டே இருந்தால் மற்றவை பட்டினி கிடக்கும். ஆகவே ஒரு கடிகாரம் இடையிடையே மணி அடிக்கவேண்டும். அவ்விடைவெளி எவ்வளவு? பணிமாற்றத்துக்கு 100 கட்டளைகள், அதாவது அரை மில்லி நொடி, செலவாகிறது என்க. 1 மில்லி நொடிக்கு ஒருமுறை மாற்றினால் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு மாற்றத்திலேயே போய்விடும். 25 மில்லி நொடியாயின் செலவு ஏறத்தாழ 2 விழுக்காடே. 20 பேர் அமர்ந்திருந்தாலும் ஒருவர் முறை மீண்டும் வர அரை நொடி ஆகும். 1 நொடியாக நீட்டினால் செலவு இன்னும் குறையும். ஆனால் இருபதாமவர் 19 நொடிக்கு மேல் காத்திருக்க நேரும். சிக்கனமும் விரைவும் இங்கே எதிரெதிராக இழுக்கின்றன. இடையே ஒரு புள்ளியைத் தேர்வது வகுப்பவரின் பொறுப்பு.

3. ஒற்றைத் தடமும் கைகாட்டியும்

இப்போது ஒரு பிழையைக் காண்போம். எத்தனை நிரல்கள் முடிந்தன என்று காட்டும் எண் ஒன்று நினைவகத்தில் உள்ளது. அதன் மதிப்பு 10. அதனை ஒன்று கூட்டுவதற்கு எண்ணை எடு, ஒன்று கூட்டு, திரும்ப வை என மூன்று கட்டளைகள் வேண்டும். முதற் பணி 10-ஐ எடுத்தது. உடனே கடிகார மணி அடித்தது. இரண்டாம் பணி வந்து, அதுவும் 10-ஐ எடுத்து, கூட்டி, 11 என வைத்தது. முதற் பணி மீண்டும் வந்து, தன் கையிலிருந்த 10-ஐக் கூட்டி, 11 என வைத்தது. இரு பணிகள் முடிந்தன. எண் ஒன்றுதான் ஏறியது.

இப்பிழை ஆயிரம் முறை ஓட்டியும் தோன்றாமல், ஆயிரத்தோராவது முறை தோன்றலாம். சோதித்துப் பார்த்துவிட்டோம், சரியாக இருக்கிறது என்று சொல்வது இங்கே போதாது. பிழை வர இயலாதபடி வகுத்தலே வழி.

நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா இதற்குக் கண்ட வழிக்கு இரயில்வேயிலிருந்தே பெயர் வைத்தார். செமாபோர் என்றால் நம் கைகாட்டி மரம். ஒற்றைத் தடத்தில் ஒரு வண்டி நுழைந்தால் கைகாட்டி நிமிர்ந்து அடுத்த வண்டியை நிறுத்துகிறது. முதல் வண்டி வெளியேறியதும் சாய்ந்து வழிவிடுகிறது. பலர்க்கும் பொதுவான எண்ணைத் தொடும் நிரற்பகுதியே ஒற்றைத் தடம். நுழையுமுன் பணி கைகாட்டியைக் கேட்கவேண்டும். வெளியேறும்போது அதனை விடுவிக்கவேண்டும். தடம் ஒழிவில்லையேல் பணி வீணே சுற்றிக்கொண்டிராமல் காத்திருப்போர் வரிசைக்குப் போய்விடும். பொறி வேறு பணிக்கு உதவும்.

ஆனால் கைகாட்டியும் நினைவகத்திலுள்ள ஓர் எண்தானே? அதனைத் தொடும்போது மணி அடித்தால் அதே பிழை வாராதோ என்று கேட்பீர்கள். நல்ல வினா. ஒரே செயலகம் உடைய சிறு பொறியில், கைகாட்டியைத் தொடும் சில கட்டளைகளின் அளவுக்கு மட்டும் இடைமறிப்பை அடைத்து வைப்பர். அச்சில கட்டளைகள் என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். மேலே சொன்ன தாள்நாடாக் கருவி 1 மில்லி நொடிக்கு ஓர் எழுத்தைத் தருகிறது. அதற்கு மேல் கதவை அடைத்தால் ஓர் எழுத்து தொலையும்.

4. முட்டுக்கட்டை

கைகாட்டி ஒரு தீமையை நீக்கி மற்றொன்றுக்கு இடந்தருகிறது. ஒரு பணி நாடாக் கருவியைப் பிடித்துக்கொண்டு அச்சுப்பொறிக்காகக் காத்திருக்கிறது. மற்றொரு பணி அச்சுப்பொறியைப் பிடித்துக்கொண்டு நாடாக் கருவிக்காகக் காத்திருக்கிறது. இருவரும் நேர்மையானவர், இருவரும் விதியை மீறவில்லை, ஆயினும் இருவரும் என்றைக்கும் நகரமாட்டார். இதுவே டெட்லாக் எனப்படும் முட்டுக்கட்டை.

இது நேர நான்கு நிபந்தனைகள் ஒருங்கே கூடவேண்டும் என்று 1971-இல் காஃப்மனும் அவருடைய தோழர்களும் எடுத்துக் காட்டினர். கருவி ஒரு வேளையில் ஒருவர்க்கே உரியதாதல். ஒன்றைப் பிடித்துக்கொண்டே மற்றொன்றைக் கேட்டல். பிடித்ததை வலிந்து பறிக்க இயலாமை. காத்திருப்போர் வட்டமாக அமைதல். நான்கில் ஒன்றை உடைத்தால் போதும். சிறு பொறியில் எளிய வழி, கருவிகளுக்கு வரிசை எண் கொடுத்து, எல்லாரும் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணை நோக்கியே கேட்கவேண்டும் என்று விதித்தல். வட்டம் அமைய வேண்டுமாயின் எவரேனும் ஒருவர் பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு சிறிய எண்ணைக் கேட்டாக வேண்டும். அதற்கு விதி இடந்தராது.

5. கரு எவ்வளவு சிறிதாகலாம்?

இனி உண்மையில் நடந்த ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். டென்மார்க்கில் ரெக்னெசென்ட்ராலன் என்னும் நிறுவனம் ஆர்.சி. 4000 என்ற 24 பிட் கணிப்பொறியை உருவாக்கியது. அது முதலில் போலந்து நாட்டின் புவாவி நகரில் உரத் தொழிற்சாலை ஒன்றின் கண்காணிப்புக்குப் பயன்பட்டது. பின்னர் அதே பொறியைப் பிறரும் வேண்டினர். தொழிற்சாலைக்கு வேண்டியது நொடி தவறாத கண்காணிப்பு. கல்லூரிக்கு வேண்டியது வரிசையாக வரும் நிரல்களை ஓட்டுதல். வேறொருவருக்கு வேண்டியது பலர் ஒருங்கே அமர்ந்து உரையாடும் வசதி. ஒவ்வொருவர்க்கும் ஓர் இயக்க அமைப்பைத் தனித்தனியே எழுத முடியுமா?

பெர் பிரிஞ்ச் ஹான்சன் என்பார் தோழர்களுடன் 1969-இல் வகுத்த விடை இது: எவர்க்கும் முழு இயக்க அமைப்பை எழுதவேண்டாம், எவரும் தமக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்ளத்தக்க ஒரு கருவை மட்டும் எழுதுவோம். அக்கரு செய்தவை சிலவே. பணிகளிடையே 25 மில்லி நொடி வீதம் பொறியைப் பகிர்ந்தது. ஒரு பணி மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பவும், செய்திக்குக் காத்திருக்கவும், விடை அனுப்பவும், விடைக்குக் காத்திருக்கவும் நான்கு கட்டளைகள் தந்தது. செய்தி ஒன்றின் அளவு 8 சொற்கள். அச்சுப்பொறி முதலிய கருவிகளிடமும் இதே செய்தி முறையிற் பேசலாம்.

ஒரு பணி தனக்குக் கிடைத்த நினைவகத்தில் ஒரு பகுதியைப் பகிர்ந்து கொடுத்து மற்றொரு பணியைப் பெற்றெடுக்கலாம்; அதனை ஓடச் செய்யலாம், நிறுத்தலாம், நீக்கலாம். தாய்ப்பணி தன்னிடம் உள்ளதையே பிள்ளைக்குக் கொடுக்க முடியும். இல்லாததைக் கொடுக்க முடியாது. ஆகவே இயக்க அமைப்பு என்பது அங்கே மேலிருந்து ஆளும் தனி அரசன் அன்று. பிள்ளைகளைப் பெற்ற ஒரு தாய்ப்பணியே. அது பொருந்தவில்லையெனின், பொறியை நிறுத்தாமலே வேறொன்றை அதனிடத்தில் வைக்கலாம்.

எதை எப்படிச் செய்வது என்பது கருவின் வேலை. யாருக்கு எப்போது கொடுப்பது என்பது கருவுக்கு வெளியே உள்ளவர் வேலை. இப்பிரிவினையே ஹான்சன் தந்த கொடை. பிற்காலத்தில் மைக்ரோ கெர்னல் என்று பேசப்பட்ட கொள்கையின் வித்து இதுவே.

இதற்கும் குறை உண்டு. செய்தி வைக்கும் இடங்களின் எண்ணிக்கை அளவுபட்டது. ஒரு பேராசைக்காரப் பணி எல்லாவற்றையும் வாரிக்கொண்டால் மற்றவை வாய் திறக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பணிக்கும் இத்தனை இடமே என்று அளவு வகுக்க நேர்ந்தது. மேலும் ஒன்று: அக்கரு ஏறத்தாழ 4800 சொற்களை எடுத்துக்கொண்டது. நம் டிராம்பேப் பொறியின் 12 பிட் சொல்லாலோ நேராகச் சுட்டத்தக்க இடங்கள் 4096 மட்டுமே. உலகம் சிறிது என்று புகழ்ந்த கருவே இங்கே இடங்கொள்ளாது!

அத்தகைய பொறியில் என்ன செய்யலாம்? பத்துப் பணிகளுக்கு ஆசைப்படாமல் இரண்டோடு அமையலாம். கருவியைக் கண்காணிக்கும் பணி முன்னே. கணக்கிடும் பணி பின்னே. முன்பணி உறங்கும்போதெல்லாம் பின்பணி ஓடும். தாராவியில் ஒரே அறை விடியலில் இட்லிக் கூடமாகவும், பகலில் தையற் கூடமாகவும், இரவில் படுக்கையாகவும் பயன்படுவதை அறிந்தவர்க்கு இது புதுமையன்று. இடம் சிறிதாயின் முறை செம்மையாக இருக்கவேண்டும், அவ்வளவே.

16,384 சொற்கள் உடைய பொறியாயின் இப்படிப் பங்கிடலாம்: கருவுக்கு 3000, பணி ஏடுகளுக்கு 400, செய்திகளுக்கும் இடைத்தாங்கிகளுக்கும் 984, மிச்சம் 12,000. தலைக்கு 4000 சொற்களாக மூன்று நிரல்கள் வாழலாம். கருவில் நீங்கள் ஆடம்பரமாகச் சேர்க்கும் ஒவ்வொரு சொல்லும் பயனாளியின் தட்டிலிருந்து எடுத்த சோறு என்பதை மறவாதீர்.

6. விதி தவறினால்

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணுவோர்க்கு ஒரு நிகழ்ச்சி சொல்வேன். 1997 ஜூலை 4-ஆம் நாள் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணிப்பொறி, சில நாட்களில் தானே மீண்டும் மீண்டும் தொடக்க நிலைக்குத் திரும்பியது. காரணம் என்ன? வானிலை அளக்கும் ஒரு தாழ்ந்த பணி, பொதுத் தடத்தின் கைகாட்டியைப் பிடித்திருந்தது. மிக உயர்ந்த பணியொன்று அதே கைகாட்டிக்குக் காத்திருந்தது. இடையில் நடுத்தரப் பணியொன்று வந்து தாழ்ந்ததைத் தள்ளிவிட்டு நெடுநேரம் ஓடியது. தாழ்ந்தது ஓடாமையால் கைகாட்டி விடுபடவில்லை, உயர்ந்தது முடங்கியது, காவற் கடிகாரம் ஏதோ கெட்டதென்று எண்ணிப் பொறியைத் திருப்பியது.

உயர்ந்தவர் காத்திருக்கும் வரை தாழ்ந்தவர்க்கு அவருடைய தகுதியைக் கடனாகக் கொடுப்பது இதற்கு மருந்து. இம்மருந்தை 1990-இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்ட மூவருள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரியான ரகுநாதன் ராஜ்குமார். மற்றையோர் லூயி ஷாவும் லெஹோட்ஸ்கியும் ஆவர். விண்கலத்திலிருந்த இயக்க அமைப்பில் அவ்வசதி ஏற்கனவே இருந்தது, பயன்படுத்தப்படாமல் கிடந்தது. பூமியிலிருந்தே அதனை இயங்கச் செய்தனர், கலம் தேறியது. நம் ஊர்க் கல்லூரியிற் படித்த ஒருவரின் சிந்தனை செவ்வாய் வரை உதவிற்று என்பதை நாம் பெருமைக்காக மட்டும் நினைவிற் கொள்ளலாகாது; முயற்சிக்காகவும் கொள்ளவேண்டும்.

7. நாம் செய்யத்தக்கது

ஐரோலியின் பெரிய கணிப்பொறி வளாகங்களில் நம்மில் பலர் நாளை வேலைக்கு அமர்வோம். பிறர் எழுதிய இயக்க அமைப்பின்மேல் பிறர் கேட்ட நிரலை எழுதிக்கொண்டே காலம் கழிப்பது எளிது. கீழே என்ன நடக்கிறது என்பதை அறிந்தவனே, கெட்ட நாளில் சீர்செய்யத் தெரிந்தவன். 1969-இல் கழியின் அக்கரையில் ஒரு பொறியை முதலிலிருந்து கட்டியவர்களும் ஒரு காலத்தில் மாணவர்களே. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி 2018-இல் சில்லாக வெளிவந்த சக்தி செயலகம் அவ்வழியின் தொடர்ச்சி.

ஆகவே இருவர் மூவராகக் கூடி, ஒரு விடுமுறையில், மூன்று பணிகளை மட்டும் ஓட்டும் ஒரு சிறு கருவை எழுதிப் பாருங்கள். சில ரூபாய் நூறுகளுக்குக் கிடைக்கும் ஒரு சிறு பலகை போதும். அது முதல் நாள் ஓடாது. ஓடாத காரணத்தைத் தேடும் இரவில் நீங்கள் கற்பது எந்த வகுப்பிலும் கிடைக்காது.

பயிற்சி வினாக்கள்

1. நிரல் தன் காலத்தில் பாதியை மட்டுமே காத்திருப்பில் கழிக்கிறது எனில், மூன்று நிரல்கள் உள்ளபோது பொறி எத்தனை விழுக்காடு உழைக்கும்?

2. நாடாக் கருவிக்கு 1, அச்சுப்பொறிக்கு 2 என எண் கொடுக்கப்பட்டுள்ளது. அச்சுப்பொறியைப் பிடித்திருக்கும் பணிக்கு இடையில் நாடாக் கருவி தேவைப்பட்டால், முட்டுக்கட்டை நேராமல் அது என்ன செய்யவேண்டும்?

3. செய்தி இடங்கள் 12, பணிகள் 3. ஒவ்வொன்றுக்கும் 4 என்று சமமாகப் பங்கிடுவது எப்போது நன்று, எப்போது தீது? காரணம் தருக.

விடைகளை எழுதிக்கொண்டு சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். மூன்றாவது வினாவுக்கு ஒரே விடை இல்லை. ஆதலின் வாதிடவே வாருங்கள்.